காலையில் வெயில், மதியம் இடி: கோடை டிரெக்கிங்கில் ‘திரும்பும் நேரம்’ ஏன் உயிர் காக்கும்?

சனிக்கிழமை காலை 6 மணி. மலையடிவாரத்தில் வேனிலிருந்து இறங்குகிறீர்கள். வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் சூரியன் படம் சிரிக்கிறது. ‘கிளைமேட் செம’ என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செல்ஃபி போகிறது.

அதே மலை, அதே நாள், மதியம் 2.30 மணி. கறுத்துத் திரண்ட மேகம், திடீரென்று சில்லென ஒரு காற்று, அடுத்த பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி மழை. தலைக்கு மேலே இடி.

ஆப் பொய் சொல்லிவிட்டதா? இல்லை. அது அடிவாரத்து ஊரின் வானிலையைச் சொன்னது. நீங்கள் பார்த்ததோ காலை வானத்தை. மார்ச் முதல் மே வரை நம்ம ஊர் மலைகளுக்கு ஒரே நாளில் இரண்டு வானிலை உண்டு. மதியத்துக்கு முன் ஒன்று, மதியத்துக்குப் பின் வேறொன்று. அதனால், ‘இன்னைக்கு மழை வருமா?’ என்பதைவிட முக்கியமான கேள்வி, ‘எத்தனை மணிக்குள்ள இறங்கிடுவோம்?’ என்பதுதான்.

மூணு மாசம், மூணு ஆபத்து

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களும் பருவமழைக்கு முந்தைய காலம். நமக்கு மொத்தமாகக் கோடை. ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறவருக்கு இந்த மூன்று மாதமும் ஒரே மாதிரி இல்லை.

முதல் பகுதி, தீக்காலம். பனிக்காலத்தில் காய்ந்த புல், இலையுதிர் காடுகளில் முழங்கால் அளவுக்குச் சேர்ந்த சருகு, மழையே இல்லாத வாரங்கள். பிப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டின் காடுகள் பற்றிக்கொள்ளத் தயாரான நிலையில் இருக்கும். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம்கூட 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இதனால்தான் நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது பகுதி, இடிக்காலம். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு கோடை மழை சூடுபிடிக்கும். தீ பயம் குறைந்து பாதைகள் திறக்கிற நேரமும், மதிய இடிமழை உச்சத்துக்குப் போகிற நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ‘தடை நீங்கிடுச்சு, இனி சேஃப்’ என்று நினைக்கக் கூடாது. ஆபத்தின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மூன்றாவது, மே கடைசி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால், மழை காலண்டர் பார்த்து வருவதில்லை. 2025-ல் மே 24-ஆம் தேதியே பருவமழை தொடங்கிவிட்டது. உடனடியாக நீலகிரி, கோவை மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட் விடப்பட்டது. ‘லீவ் முடியறதுக்குள்ள கடைசியா ஒரு டிரிப்’ என்று மே கடைசி வாரத்தில் புக் செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் அப்படி என்னதான் நடக்கிறது?

‘வெப்பச்சலனம் காரணமாக மழை பெய்யக்கூடும்’. டிவியில் ஆயிரம் முறை கேட்ட வரி. மலையில் அது நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

காலை வெயில் முதலில் மலைச்சரிவுகளைச் சூடாக்குகிறது. சரிவை ஒட்டியிருக்கும் காற்று சூடாகி, லேசாகி, சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து புதுக் காற்று வருகிறது. அதில் ஈரப்பதம் இருந்தால், உயரே போகப் போகக் குளிர்ந்து மேகமாகிறது. சமவெளியில் காற்று மேலெழும்ப வேறு ஏதாவது தூண்டுதல் வேண்டும். மலையில் அந்த வேலையைச் சரிவே செய்துவிடுகிறது. அதனால்தான் ஊரில் வெயில் கொளுத்தும்போதே மலைமேல் மேகம் கட்டி நிற்கிறது.

காலை 9, 10 மணிக்குக் குட்டிக் குட்டிப் பஞ்சுப்பொதி மேகங்கள் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஆனால், அவை பக்கவாட்டில் பரவாமல், காலிஃபிளவர் மாதிரி உயர்ந்துகொண்டே போனால் கவனம் தேவை. அடிப்பகுதி கறுத்து, உச்சி தட்டையாகப் பரவத் தொடங்கிவிட்டால் அது இடிமேகம். அதன் பிறகு சட்டென்று ஒரு குளிர்காற்று முகத்தில் அடித்தால், மேகத்துக்குள்ளிருந்து மழையோடு காற்று கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சில்லென்ற காற்றை ரசித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

குரங்கணி: தீ ஏன் மேல்நோக்கி ஓடியது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் மலையேற்றம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காயமடைந்து மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளைஞர்கள், வேலைக்குப் போகிறவர்கள். வார இறுதிக்கு மலைக்கு வந்தவர்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களைப் போன்றவர்கள்.

அனுமதி, பாதை, வழிகாட்டி பற்றியெல்லாம் அப்போது நிறையப் பேசப்பட்டது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கான விதிமுறைகளும் வந்தன. ஆனால், அதில் வானிலைக்கு இருந்த பங்கைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

மேலே சொன்ன அதே சரிவுக்காற்று, மழையில்லாத காலத்தில் தீக்கு விசிறி. சமதரையில் நிதானமாகப் பரவும் தீ, சரிவில் ஓடும். கீழே எரியும் தழல், மேலேயிருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ பயிற்சிகளில் சொல்லித்தரும் கணக்கு. 20 டிகிரி சரிவு என்றால் நான்கு மடங்கு. ஆளுயரப் புல்லுக்குள் மேல்நோக்கி ஓடும் மனிதரால் அதை முந்தவே முடியாது. இதுவும் பகல் சூடு ஏறிய பிறகுதான் மோசமாகும். அதிகாலையில் பனி ஈரம் இருக்கும், காற்று அடங்கியிருக்கும்.

ஆகவே, தீக்காலத்தில் காட்டுப்பாதைக்குப் போகாமல் இருப்பதே முதல் விதி. அனுமதியுள்ள பாதையிலும் கீழே எங்காவது புகை தெரிந்தால், ‘ரொம்ப தூரத்துலதான் இருக்கு’ என்று போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். சிக்கிக்கொண்டால் மேல்நோக்கியோ ஓடைப் பள்ளத்துக்குள்ளோ ஓடக் கூடாது. பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பக்கவாட்டில் நகர்ந்து புல் இல்லாத பாறை, சாலை, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை ஆகியவற்றைத் தேட வேண்டும்.

ஆப்பில் தெரியும் டிகிரி எந்த இடத்துக்கானது?

சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 38 டிகிரி என்றால், 1,500 மீட்டர் ஏறியதும் ஏறத்தாழ 28. ‘அட, ஜில்லுனு இருக்கே’ என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

ஒன்று, உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் அதிகம். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்காற்றில் வெயில் உறைக்காது, ஆனால் தோல் எரியும். இரண்டு, வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் இழந்தோம் என்பதே தெரியாது. தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருக்காமல், மணிக்கு அரை லிட்டராவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓஆர்எஸ், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு என ஏதாவது உப்பும் உள்ளே போக வேண்டும்.

கோடையில் வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கின் மறுபக்கமும் தெரியும். பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் அந்த ஏழு மலையை ஏறுகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானோர் இரவில் கிளம்புகிறார்கள். கோவையில் புழுக்கம். முதல் மலைப் படிகளில் சட்டை தொப்பலாக நனைகிறது. ஏழாவது மலைக்குப் போகும்போது அதே ஈரச் சட்டையில் வேகமான குளிர்காற்று அடிக்கிறது. உடல் நடுங்கும். காலையில், தூக்கமில்லாத உடம்போடு, ஏறும் வெயிலில் இறங்க வேண்டும். வியர்வை, குளிர், மறுபடி வெயில் என்று ஒரே இரவில் உடம்பு மூன்று வானிலையைச் சமாளிக்கிறது. 2024 சீசனில் மூச்சுத்திணறல், மாரடைப்பு காரணமாக அங்கே அடுத்தடுத்துப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். இதயநோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொள்வது சும்மா இல்லை. மற்றவர்களும் பையில் மாற்றுச் சட்டை ஒன்று, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஈரச் சட்டையை மாற்றுவது, செல்ஃபி அப்புறம்தான்.

‘ஓரிரு இடங்களில் மழை’ன்னா என்ன?

வானிலை மையத்தின் சொற்களுக்கு அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல்.

ஊரில் இருப்பவருக்கு ‘ஓரிரு இடங்களில்’ என்பது ‘நமக்கு வராது’ என்பது மாதிரிதான். மலையேறுகிறவருக்கு அப்படியில்லை. ஏனென்றால், அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் மலையும் மலையை ஒட்டிய பகுதிகளும்தான். கூடவே, எச்சரிக்கை மாவட்ட அளவில் வருகிறது. கோவை மாவட்டம் என்றால் காந்திபுரமும் அதிலேதான், வால்பாறையும் அதிலேதான். இரண்டுக்கும் ஒரே நிறம்.

நிறங்களின் அர்த்தம் எளிது. பச்சை, எச்சரிக்கை இல்லை. மஞ்சள், கவனமாக இருங்கள். ஆரஞ்சு, தயாராக இருங்கள். சிவப்பு, உடனே நடவடிக்கை எடுங்கள். மலைக்கு இதை ஒரு படி கூட்டிப் படிப்பது பாதுகாப்பு: மஞ்சள் என்றால் சீக்கிரம் கிளம்பிச் சீக்கிரம் இறங்கும் சின்னப் பாதை மட்டும். ஆரஞ்சு என்றால் திட்டத்தை ரத்து செய்துவிடலாம். சிவப்புக்குப் பேச்சே இல்லை.

அடுத்த 3 மணி நேரத்துக்கான ‘நவ்காஸ்ட்’ அறிவிப்பையும் வானிலை மையம் வெளியிடுகிறது. மின்னலுக்கென்றே மத்திய அரசின் ‘தாமினி’ ஆப் இருக்கிறது. மாநில அரசின் ‘டிஎன்-அலர்ட்’ ஆப்பும் உண்டு. ஆனால், ஒன்றை மறக்க வேண்டாம். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் அடிவாரம். அதன் பிறகு வானம்தான் ஆப்.

இடி: எண்ணத் தெரிந்தால் போதும்

மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுங்கள். இடிச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். அதுவே மின்னல் உங்களைத் தொடக்கூடிய தூரம்தான். ஆகவே, 30 அல்லது அதற்குக் கீழே எண்ணினால் திறந்த வெளியிலும் மலைமுகட்டிலும் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறவும் கூடாது.

எங்கே ஒதுங்குவது? மூடிய கான்கிரீட் கட்டடமோ, கண்ணாடி ஏற்றிய காரோ இருந்தால் சரி. தனி மரம், காட்சிக் கோபுரம், தேயிலைத் தோட்டத்தின் திறந்த ஷெட், பாறையின் விளிம்புக்குக் கீழான இடுக்கு, இரும்பு வேலி ஓரம் ஆகிய எல்லாமே தவறான இடங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் முகட்டைவிட்டுக் கீழே இறங்கி, பாதங்களை ஒட்டிவைத்துக் குந்தி உட்காருங்கள். படுக்கக் கூடாது, ஏனெனில் மின்சாரம் தரை வழியாகவும் பாயும். எல்லோரும் கும்பலாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காமல் தள்ளித் தள்ளி இருங்கள். ஒருவர் மேல் மின்னல் பாய்ந்துவிட்டால் அவரைத் தொடலாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும்.

மழை மேலே, வெள்ளம் கீழே

2024 மே 17. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு பள்ளி மாணவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

கோடை மழையில் மழை பெய்யும் இடமும் வெள்ளம் வரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே ஒரு முகட்டில் முக்கால் மணி நேரம் கொட்டினால் போதும், கீழே காய்ந்து கிடந்த ஓடை பெருக்கெடுக்கும். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து உறுமல் சத்தம் கேட்பது ஆகிய மூன்றில் எது நடந்தாலும் பையை எடுக்கக்கூடத் தாமதிக்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் கடந்த ஓடை, மாலையில் இடுப்பளவு இருந்தால் கடக்க முயலாதீர்கள். கோடை மழை வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பது கோழைத்தனம் இல்லை.

இமயமலைக்குப் போறவங்களுக்கும் இதே கணக்குதான்

ஏப்ரல் முதல் ஜூன் வரை உத்தராகண்டுக்கும் இமாச்சலுக்கும் டிரெக்கிங் போகும் நம்மூர் இளைஞர்கள் நிறைய. அங்கே தீக்குப் பதில் பனி. ஆனால், கடிகாரம் மாறவில்லை. இரவில் உறைந்து இறுகிய பனி காலையில் கெட்டியாக இருக்கும். மதியம் இளகி, கால் புதையும், சரியும். பனி உருகுவதால் ஓடைகளில் மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். இடிமேகமும் அதே நேரத்தில்தான் கட்டும். அங்கே அது பனிப்புயலாக இறங்கும்.

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பகுதிக்குக் கர்நாடகத்திலிருந்து போன குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தனர். குரங்கணியிலும் திரும்பும் வழியில்தான். இது தற்செயல் மட்டும் இல்லை. ஏறும் நேரம் காலை. இறங்கும் நேரம் மதியம். உடம்பு களைத்து, தண்ணீர் தீர்ந்து, கவனம் தளர்ந்த அதே நேரத்தில்தான் மலையின் வானிலையும் மோசமாகிறது.

சரி, திரும்பும் நேரத்தை எப்படி முடிவு செய்வது?

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். முகட்டையும் திறந்த புல்வெளியையும் விட்டு மதியம் 1 மணிக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இறங்க 3 மணி நேரம் ஆகும் என்றால், திரும்பும் நேரம் காலை 10. முட்டி வலிக்கும் ஒருவர் குழுவில் இருந்தால் 9.30. அந்த நேரத்தில் உச்சிக்கு அரை மணி நேர தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். ஏறி 4 மணி நேரம் ஆகும் பாதை என்றால் காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். 8 மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் அந்த உச்சி அன்றைக்கு உங்களுடையது இல்லை.

இதை அடிவாரத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும், சத்தமாகச் சொல்லி முடிவு செய்ய வேண்டும். ஏன் தெரியுமா? மேலே போன பிறகு முடிவெடுப்பது மூளை இல்லை. ‘இவ்ளோ தூரம் வந்துட்டோமே’ என்கிற ஆசை, ‘நான் மட்டும் ஏன் வேண்டாம்னு சொல்லணும்’ என்கிற கூச்சம், கட்டிய பணம், திங்கட்கிழமை ஆபீஸ், ஞாயிறு இரவு பஸ் டிக்கெட் ஆகிய இத்தனையும் சேர்ந்துதான் முடிவெடுக்கும். எனவே, ‘போதும், திரும்பலாம்’ என்று யார் ஒருவர் சொன்னாலும் குழு திரும்பும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். காரணம் கேட்கக் கூடாது, கிண்டல் கூடாது.

உள்ளூர் வழிகாட்டி ‘வேணாம் சார், மப்பு கட்டுது’ என்றால் அதோடு விவாதம் முடிந்தது. உங்கள் போனில் இருக்கும் எந்த ஆப்பும் அந்த மலையில் அவரளவுக்கு மழைக்காலங்களைப் பார்த்ததில்லை.

அனுமதி வாங்கிப் போவதும் வெறும் சட்டம் சார்ந்த விஷயம் இல்லை. யார், எத்தனை பேர், எந்தப் பாதையில், எப்போது திரும்புவார்கள் என்பது வெளியில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்குவழியில் நுழைந்தவரைத் தேட, அவர் தொலைந்தார் என்பதே யாருக்கும் தெரியாது. அரசுப் பதிவு தவிர, வீட்டில் ஒருவருக்கும் இதே தகவலை அனுப்பிவிட்டு, ‘4 மணிக்குள்ள போன் வரலைன்னா 112-க்குச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அடுத்த முறை குரூப்பில் ‘வீக்கெண்ட் டிரெக் போலாமா?’ என்று யாராவது கேட்டால், எந்த மலை, எவ்வளவு செலவு என்று கேட்கும்போதே இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: ‘எத்தனை மணிக்குத் திரும்பறோம்?’ பதில் இல்லையென்றால், அந்தத் திட்டம் இன்னும் முடியவில்லை. மலை அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.